கேட்ட பிறகு முடிவு

2023 ஏப்ரலுக்கு முந்தைய பட்டினப்பாக்கம் லூப் சாலையை நம்மில் பலர் அறிவோம். ஒரு பக்கம் மணலில் இழுத்துவிட்ட ஃபைபர் படகுகளும் காயும் வலைகளும். மறுபக்கம் சங்கராவையும் வஞ்சிரத்தையும் கானாங்கெளுத்தியையும் பரப்பி, வெளுத்த குடைக்குக் கீழே அருவாமனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள். காரை நிறுத்திக் கண்ணாடியை மட்டும் இறக்கி விலை கேட்பவரிடம், “செவுளப் பாரு சாமி, எப்டி செவப்பா கீது, அப்பறம் வெல பேசு” என்று மீனைத் தூக்கிக் காட்டுவார்கள். விலை படிந்தால் வியாபாரம், படியாவிட்டால் வண்டி நகரும். ஒரே வார்டில் வாழும் இரண்டு விதமான மனிதர்கள் பேசிக்கொள்ள, கண்ணாடி இறங்கிய அளவு இடைவெளிதான் இருந்தது.

அந்த ஏப்ரலில், சாலை ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி இயந்திரங்களோடு வந்து கடைகளை அகற்றியது. மீனவர்கள் சாலையை மறித்தார்கள். பிறகு இடைக்கால ஏற்பாடு ஒன்று வந்தது; 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு மீன் அங்காடி திறக்கப்பட்டது. நெரிசல் உண்மை, அந்தச் சாலைக்கு முன்பே குப்பங்கள் அங்கே இருந்தன என்பதும் உண்மை. இதில் யார் பக்கம் நியாயம் அதிகம் என்று இங்கே எடைபோடப் போவதில்லை. நம்மை உறுத்த வேண்டியது நிகழ்ச்சிகளின் வரிசை. முதலில் ஆணை, அடுத்து இயந்திரம், அதற்கடுத்து மறியல். பேச்சு கடைசியாக வந்தது.

இந்தக் கரைக்கு அந்த வரிசை புதிதன்று. மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்த 1985-இல், விவகாரம் துப்பாக்கிச் சூடு வரை போய் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை சீனிவாசபுரத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, இங்கிருந்து குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. விடியுமுன் கடலுக்குள் போகிறவனுக்குத் தன் படகு நிற்கும் கரையிலிருந்து வெகுதொலைவில் வீடு கொடுப்பது எப்படி உதவியாகும் என்பதை, அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2024 டிசம்பரில் சீனிவாசபுரம் வாரியக் குடியிருப்பில் ஜன்னல் பகுதி இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். அன்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்டடம் உதிர்வது குடியிருந்தவர்களுக்கு அதற்கு முதல் நாள் தெரிய வந்த செய்தியா என்ன?

சொல்ல வழியே இல்லை என்றும் கூற முடியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று, மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்புவது நமக்குப் பழகிய வழி. அதை இகழ வேண்டியதில்லை. பல பேருக்கு ஓய்வூதியமும் பட்டாவும் அந்த வழியாகத்தான் கிடைத்தன. ஆனால் மனு கொடுக்கிறவர் தனி ஆள். பக்கத்தில் நிற்பவரின் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஃபோர்ஷோர் எஸ்டேட்டில் குடியிருப்பவர் மீன் கழிவு நாறுகிறது என்று மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழிவை அள்ள வண்டியே வருவதில்லை என்று குப்பத்துப் பெண்ணும் அதே எண்ணுக்குச் சொல்கிறார். இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றுதான். என்றாலும் இரண்டு வரிசை எண்களாகப் பதிவாகி, ஒன்றை மற்றொன்று அறியாமலே முடித்துவைக்கப்படுகின்றன. மனு தனிமனிதனை மன்றாட வைக்கிறது. மறியல் அவனைக் கூட்டத்தில் கரைத்துவிடுகிறது. குடிமகன் என்ற நிலை இவை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

அந்த நடுவிடத்தைச் சட்டம் அறியும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் நகரங்களுக்கு வார்டு குழுக்களைச் சொன்னது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்தின் தெருக்காரர்கள் கூடிப் பேச, தமிழ்நாட்டில் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் விதிகளாக வடிவம் பெற்றது 2022-இல்தான். ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காத்திருப்பு. நடுவே 2016 முதல் 2022 வரை, 1688-இல் பிறந்த இந்த மாநகராட்சி, தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டது. ஊர் அப்போதும் நடந்தது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். சட்டம் நாற்காலிகளைப் போட்டுவிட்டது. அதில் உட்காருகிறவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பார்களா என்பதைச் சட்டத்தால் உறுதி செய்ய இயலாது.

கூட்டம் போட்டாலே கேட்டதாகிவிடாது என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். மெரினா கடலுக்குள் பேனா நினைவுச் சின்னம் அமைப்பது பற்றி 2023 ஜனவரி 31-இல் கலைவாணர் அரங்கத்தில் கருத்துக் கேட்பு நடந்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசினார்கள். எதிர்த்துப் பேசியவர்களின் குரல் கூச்சலில் அமுங்கியது. கருத்துகள் பதிவாயின, கேட்பு மட்டும் நடக்கவில்லை. இதில் ஒரு கட்சியைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. வீட்டில், அலுவலகத்தில், குடியிருப்போர் நலச் சங்கத்தில், எதிராளி மூச்சு வாங்கும் நேரத்துக்காகவே நாமும் காத்திருக்கிறோம், நம் அடுத்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

குப்பங்களையும் இதில் விட்டுவிடலாகாது. ஊர்க் கூட்டம் கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபு இந்தக் கரையில் நகராட்சிச் சட்டங்களைவிடப் பழையது. சண்டையையும் தொழில் தகராறையும் தீர்த்துவைத்த அதன் பெருமை பெரிது. ஆனால் சோழமண்டலக் கரையின் அந்தப் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து வந்தவர்கள் ஆண்கள். லூப் சாலையில் வெயிலில் உட்கார்ந்து விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். விற்கும் இடத்தைப் பற்றி ஊர் பேசும்போது விற்கிறவள் வாசலுக்கு வெளியே நின்றால், மாநகராட்சி ஊருக்குச் செய்த அதே அநீதியை ஊர் தன் பெண்களுக்குச் செய்கிறது. கேட்கப்படாதவன் தன் வீட்டில் கேட்பவனாக இருப்பான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வள்ளுவர் ‘கேள்வி’ அதிகாரத்தை வைத்த இடம் சிந்திக்கத் தக்கது. அது அரசியலில், இறைமாட்சிக்குச் சற்றுப் பின்னால், ஆள்பவனின் தகுதிகளோடு நிற்கிறது. செவிக்குக் கசக்கும் சொல்லையும் தாங்கிக்கொள்வதை அவர் இறைமாட்சியிலேயே சொல்லிவிட்டார். நாமோ கேட்பதைக் கருணையாக, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இடும் பிச்சையாக எண்ணப் பழகிவிட்டோம். உண்மையில் அதனால் முதலில் பயனடைபவன் கேட்பவனே. அடையாறு முகத்துவாரத்தை மணல் எப்போது அடைக்கும், எந்தக் காற்றுக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த அலைக்குக் கரை அரிக்கும் என்று அன்றாடம் பார்த்துத் தெரிந்தவர்கள் சீனிவாசபுரத்தில் இருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் நீர் எல்லாம் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் கடலுக்குப் போனது. அந்த அறிவு எந்தக் கோப்பிலும் முழுமையாக இல்லை. அது மனிதர்களின் நாவில் இருக்கிறது, கேட்டால் மட்டுமே வெளியே வருகிறது.

பேசுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? அவன் கேட்ட சாலையோ அங்காடியோ கிடைக்காமலும் போகலாம். ஆனால் தன் சொல் எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரு யோசனையை எழுப்பியதைக் கண்ணால் கண்டவன், முடிவு தனக்குப் பாதகமாக வந்தாலும் அது தன்னைத் தவிர்த்து எடுக்கப்பட்டதன்று என்று அறிகிறான், அந்த அறிதலில்தான் சட்டத்துக்கு அஞ்சும் குடி சட்டத்துக்குப் பொறுப்பேற்கும் குடிமகனாக மாறுகிறான், மாறிய பிறகு அடுத்த வீட்டுக்காரனின் நியாயத்துக்கும் தன் மனத்தில் ஓர் இருக்கை ஒதுக்கும் வலிமையைப் பெறுகிறான். கேட்கும் அதிகாரிக்கும் இதில் ஆபத்து உண்டு: கேட்ட பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது, தெரிந்த பிறகு பழைய முடிவிலேயே நிற்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். மாற்றிக்கொள்ள இடமுள்ள முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவதே கேட்டல். முடித்துவிட்டு வந்து உட்காருவதற்கு அறிவிப்பு என்று பெயர்.

ஆகவே, உங்கள் பகுதி சபை எப்போது, எங்கே கூடுகிறது என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாவிட்டால் திரும்பவும் கேளுங்கள். வேலைக்குப் போகிற பெண்களும் வரக்கூடிய நேரத்தில் அதை வைக்கச் சொல்லுங்கள். போன கூட்டத்தில் பேசியவற்றில் எது ஏற்கப்பட்டது, எது எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் மீன்காரம்மா பேச இருக்கிறார்.