ஒப்புக்குச் சப்பாணி

குளத்தூரில் நாங்கள் ஆடிய ஆட்டங்களில் எல்லாம் ஒரு உபரி ஆள் இருந்தான். ஆள் பிரிக்கும்போது எந்தப் பக்கமும் அவனைக் கேட்காது. யாராவது பெரியவர் அதட்டினால், ‘சரி, ஒப்புக்குச் சப்பாணியா நிக்கட்டும்’ என்று சேர்த்துக்கொள்வோம். அவனுக்கு அவுட் கிடையாது. அவன் எடுத்த ரன்னுக்குக் கணக்கும் கிடையாது. மற்ற தெருக்களில் இந்த ஸ்தானம் தம்பிகளுக்கு உரியது, வளர்ந்ததும் தானாகப் போய்விடும். எங்கள் தெருவில் அது ஒருவனுக்கே நிரந்தரமாக இருந்தது. இளம்பிள்ளைவாதத்தில் இடதுகால் சூம்பியவன். சொல் அவன்மேல் உருவகமாக விழவில்லை, நேராகவே விழுந்தது. பெரும்பாலும் ஆள் பிரித்தவன் நான்.

பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்றால் குழந்தை கைகொட்டும் பருவம். அங்கிருந்து இங்கே எப்படி வந்தோம் என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். எனக்குப் பிரச்சினை வேறு. ஒருவனைத் தோற்கவிடாமல் சேர்த்துக்கொள்வது சேர்த்துக்கொள்வதுதானா?

இந்தக் கேள்வி பல வருஷங்கள் கழித்து, எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து வந்தது. போலியோவினால் பாதிக்கப்பட்ட மாதவி லதா என்பவர், நாற்பது வயதை ஒட்டி நீச்சலுக்கு வந்து தேசியப் போட்டிகளில் ஜெயித்தவர், 2014இல் சென்னையை மையமாக வைத்து இந்தியச் சக்கரநாற்காலிக் கூடைப்பந்துச் சம்மேளனத்தை உருவாக்கினார். அவரும் வங்கி உத்தியோகம் பார்த்தவர் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்த வழியாகத்தான் அந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்; பிறகு அதன் விதிகளைப் படித்தேன். ஆட்டத்தைவிட விதிகள் என்னை அதிகம் பிடித்துக்கொண்டன. குமாஸ்தா புத்தி.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் உடம்பை வைத்து ஒரு எண் உண்டு. இடுப்பையும் முதுகையும் நிலைநிறுத்த முடியாதவருக்கு 1. ஏறக்குறையக் குறையே தெரியாதவருக்கு 4.5, நடுவில் அரை அரையாக ஏறும். சர்வதேச ஆட்டத்தில் களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து 4.5 என்றால் இருபத்திரண்டரை. வல்லவர்களை மட்டும் வைத்து அணி கட்டவே முடியாது. 1 எண்காரர் களத்தில் இருந்தால்தான் 4.5க்கு இடம் பிறக்கிறது. அவர் பல சமயம் பந்தைத் தொடுவதில்லை. தன் நாற்காலியைக் குறுக்கே கொண்டுபோய் எதிராளியின் நாற்காலியை மறித்து நிறுத்துகிறார். திறந்த வழியில் மற்றவர் போய்க் கூடையில் போடுகிறார். ஸ்கோர் புத்தகத்தில் மறித்தவர் பேர் ஏறாது. ஆனால் அவர் தவறினால் அணி தோற்கும். எங்கள் தெருவில் இல்லாமல்போனது இதுதான்.

இன்னொன்று, வளையத்தின் உயரம். அது நடப்பவர்களுக்கு உள்ள அதே 3.05 மீட்டர்தான், ஒரு விரற்கடைகூட இறக்கவில்லை. இரக்கம் முதலில் வளையத்தைத்தான் இறக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானின் ரென்ஷி சோகாயின் ஆட்டவாழ்க்கையை இந்த விதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1999இல் நாகசாகியில் பிறவியிலேயே கைகால் ஊனத்தோடு பிறந்தவர். சிறு வயதிலேயே இரண்டு கால்களும் அகற்றப்பட்டன. எண் 2.5. 17 வயதில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் ஆடினார். ஜப்பானுக்கு ஒன்பதாவது இடம். 2021 செப்டம்பரில், சொந்த மண்ணான டோக்கியோவில், இறுதியாட்டம் வரை வந்து அமெரிக்காவிடம் 60–64 என்று தோற்றார்கள். வெள்ளி. 2024 பாரிஸுக்கு ஜப்பானின் ஆண்கள் அணி தகுதியே பெறவில்லை. பத்திரிகைகள் இத்தகையவர்களைப் பற்றி ‘ஊனத்தை வென்றவர்’ என்று எழுதும். எனக்கு அந்த வாசகத்தில் நம்பிக்கை இல்லை. ஊனம் அப்படியேதான் இருக்கிறது, எண்ணாகப் பதிவாகியும் இருக்கிறது. என்னை ஈர்ப்பது அந்த நாலு புள்ளித் தோல்வி. அது நிஜமான தோல்வி, அதற்குச் சலுகை கிடையாது. எங்கள் சப்பாணிக்கு நாங்கள் கொடுக்க மறுத்தது அது.

ஆனால் இதை இவ்வளவு சுலபமாகக் கொண்டாடிவிடவும் முடியவில்லை. உடம்பின் குறையை அளந்து எண் போடுகிறவன் யார்? நம் ஊரில் சட்டப்படி 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 39 என்றால் கால் சூம்பியது சூம்பியதாகவே இருக்க, காகிதத்தில் மட்டும் ஆள் முழுசாகிவிடுவான். கூடைப்பந்திலும் இது நடந்தது. விளையாட்டின் வகைப்பாடு தன் விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்று சர்வதேசப் பாராலிம்பிக் குழு 2020இல் பாரிஸ் போட்டியிலிருந்தே அதை நீக்கியது. பிறகு 2021இல் திரும்பச் சேர்த்தது. இடையில் 4, 4.5 எண்காரர்களை எல்லாம் மறுபடி அளந்தார்கள். வருஷக்கணக்காக ஆடியவர்களில் சிலர் ‘ஊனம் போதாது’ என்று வெளியேற்றப்பட்டார்கள். அளவை இல்லாமல் நியாயம் இல்லை, அளவையோ இப்படி. இதற்கு என்னிடம் விடை இல்லை.

சென்ற ஐப்பசியில் அவன் எங்கள் கிளைக்கு வந்திருந்தான். நல்ல கூட்டம். வரிசையில் பதினைந்தாவது ஆளாக ஊன்றுகோலோடு நின்றவனைக் கவுண்டருக்குள்ளிருந்தே பார்த்து, முன்னால் வரச்சொல்லிக் கை காட்டினேன். வரிசையும் உடனே விலகிக் கொடுத்தது. அவன் வரவில்லை. என்னைப் பார்த்து ‘இங்கயுமா?’ என்றான். ஒரே ஒரு வார்த்தை. தன் முறை வரும்வரை நின்றே பணம் கட்டினான். நின்றதில் கால் வலித்திருக்கும். நான் கூப்பிட்டது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை, சரி என்றும்.

வேலை முடிந்து டீக்கடையில் அவனைப் பிடித்தேன். மழை விட்டிருந்தது. மூன்றுசக்கர ஸ்கூட்டரின் சக்கரத்தில் அப்பியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் பதினாலு கணக்கை விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, ‘அதுல நான் எத்தனை?’ என்றான். முதுகு, இடுப்பு எல்லாம் திடம், ஒரு கால்தானே, நாலு அல்லது நாலரை வரும் என்றேன். எங்கள் ஆட்டத்தின் சப்பாணி அங்கே வழிவிடப்படுகிற பெரிய கை. அவனுக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் 2020 கதையையும் சொன்னேன்.

‘அப்ப என்னையத் தள்ளிருவானுகளோ?’

தள்ளலாம் என்றேன்.

‘அங்கயும் ஆள் பிரிக்க ஒருத்தன் இருக்கான்னு சொல்லு’ என்று சிரித்துவிட்டு, மற்றச் சக்கரத்துக்குப் போனான்.