மாற்றாத கேபிள்

இரண்டு மாதங்களுக்கு முன்பு கிள்ளானில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஒரு கேபிள் கொண்டுபோனேன். ஃபோனோ பிரீஆம்ப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் அரை மீட்டர் கேபிள். விலை 600 ரிங்கிட். வாங்கச் சொல்லி மாதக்கணக்கில் நச்சரித்தது நான். காசு மாமாவுடையது, ஓய்வுபெற்றபோது எடுத்த இ.பி.எஃப். பணம். “நீ இன்ஜினியர். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

பழையதைக் கழற்றி, ப்ளக்குகளைத் துடைத்து, மாட்டி, ‘ஜானி’ இசைத்தட்டைப் போட்டோம். ஜானகியின் குரல் ஓரடி முன்னால் வந்து நின்றது. எனக்கும்தான் கேட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, “மூச்சு விடுற சத்தம்கூட கேக்குதுடா,” என்றார். இரவு வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் புதுக் கேபிள் உள்ளேயே கிடக்கிறது. இரண்டும் கறுப்பு. துடைத்த கையோடு பழையதையே திரும்ப மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

துடைத்ததால் வந்த தெளிவாக இருக்கும் என்று மூன்று நாள் என்னையே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.

இந்தப் பைத்தியத்தில் எல்லாமே மாயை என்று சொல்ல வரவில்லை. 12 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே போகப் போக அது 21 சென்டிமீட்டர் வரை சுருங்கிவிடும். அதே ஒரு நொடிப் பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் திணிக்க வேண்டும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’வும் ‘ஸ’வும் சீறுவது அதனால்தான். நுனி மெலிந்த ஊசி போட்டால் சீறல் குறையும். கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் வைத்தால் இன்னும் குறையும். அதற்கு வேண்டியது அச்சடித்த ஒரு தாள் மட்டுமே. மாமாவின் ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட்டில் ஊசியை மட்டும் கழற்றி ப்ளூ ஊசியைச் செருகியபோது வந்த மாற்றத்துக்கு என்னால் காரணம் சொல்ல முடியும். அரை மீட்டர் கேபிளுக்கு அப்படி ஒரு காரணம் என்னிடம் இருந்ததே இல்லை. விளம்பரம் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓர் அளவுக்கருவியை நம்புவதற்கு முன், அதே பாகங்களை மூன்று பேரிடம் கொடுத்து, எது எதுவென்று சொல்லாமல், திரும்பத் திரும்ப அளக்கச் சொல்வோம். அங்கே சோதிக்கப்படுவது பாகம் அல்ல. கருவியும் அளக்கிற ஆளும். அந்தத் தாளில் மாதாமாதம் கையெழுத்துப் போடுகிற நான், என் காதுக்கு ஒருமுறைகூட அதைச் செய்து பார்த்ததில்லை.

2022இல் அனலாக் சுத்தத்துக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி, தன் பல இசைத்தட்டுகளின் தயாரிப்பில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்ததை ஒப்புக்கொண்டது. டிஜிட்டல் என்றாலே காது கூசும் என்றவர்கள் அதே தட்டுகளை ஆண்டுக்கணக்கில் கொண்டாடியிருந்தார்கள். அப்போது விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, மாமாவுக்கு அன்று கிடைத்த சந்தோஷம் பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வழக்கமாகப் பேப்பர் படித்துக்கொண்டே பாட்டு கேட்பவர் அன்று இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மூச்சு தட்டில் எப்போதும் இருந்தது. அன்றுதான் அவர் அதைத் தேடினார். இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் தப்புக்கு வசதியாகவும் இருக்கிறது. சந்தேகம் அங்கேதான் வருகிறது.

கேட்டது அவருடைய அனுபவம். ‘கேபிளால் கேட்கிறது’ என்பது என் வாக்கு. அவரால் அதைச் சரிபார்க்க முடியாது. பட்டத்தை நம்பிப் பணம் கொடுத்தார். அவர் சந்தோஷமாக இருக்கிறார், ஏன் கெடுப்பானேன் என்று நான் வாயை மூடிக்கொண்டால், அது அவர் மேல் உள்ள பாசமா, என் பெயரைக் காப்பாற்றுவதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “கடையில திருப்பி எடுப்பானா?” என்றார். நாள் தாண்டிவிட்டது என்றேன். நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னதும்தான் கோபம் வந்தது. “காசா கேட்டேன்? அதக் கொண்டாந்தியா, மாட்டு.”

மாட்டினேன். இந்த முறை அவரும் பக்கத்தில் நின்று எந்தக் கேபிள் என்று பார்த்துக்கொண்டார். அதே ‘ஜானி’. முதல் பக்கம் முடிந்து, ஊசி கடைசிப் பள்ளத்தில் டக் டக்கென்று சுற்ற ஆரம்பித்தது. எப்படி இருந்தது என்று அவர் சொல்வார் என நான் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.