யாருக்குப் பொறுப்பு?

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லை வைப்பது என்று நினைப்பவர்கள், ‘ரெஸ்பான்ஸிபிள்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பார்க்கவேண்டும். வெள்ளத்துக்கு மழை ரெஸ்பான்ஸிபிள் என்பான் ஆங்கிலேயன். தமிழில் அது ‘காரணம்’. திருட்டுக்கு இவன் ரெஸ்பான்ஸிபிள் என்பான். அது ‘குற்றம்’. பக்கத்து வீட்டுப் பையன் ரெஸ்பான்ஸிபிள் என்றால் நாம், ‘பொறுப்பான பிள்ளை’ என்று மகிழ்ந்துபோவோம். மந்திரிகள் சட்டசபைக்கு ரெஸ்பான்ஸிபிள் என்றால், கேட்டதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பொருள். இத்தனை வேடங்களையும் அந்த மொழியில் ஒரே சொல் போடுகிறது. தமிழில் முக்கால்வாசி வேடங்களுக்குப் ‘பொறுப்பு’ என்ற ஒரு சொல்லையே நாம் அனுப்பி வைக்கிறோம். அது எல்லா வேடத்துக்கும் பொருந்துகிறதா என்று நின்று பார்ப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே அதற்குப் ‘பதில் சொல்லுதல்’ என்று அர்த்தம். தமிழ்ச் சொல்லின் வேர் ‘பொறு’. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். ‘பொறை’ என்றால் பாரம். பொறுமையும் அதே குடும்பந்தான். பிறர் பிழையை மன்னிப்பதையும் பொறுத்தல் என்றே சொல்கிறோம். வள்ளுவர் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆகவே ஒரே இடத்தில் ஆங்கிலேயன் பதில் சொல்கிறவனைப் பார்க்கிறான். நாம் சுமக்கிறவனைப் பார்க்கிறோம். இரண்டும் உயர்ந்த பண்புகள்தாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இந்த வித்தியாசம் எனக்குத் தெளிவாகப் புலப்பட்டது உத்திரமேரூர் வட்டாரத்தில், ராஜகுளத்தில். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த இளம் வார்டு உறுப்பினரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, மதகுப் பலகை ஒடஞ்சி ரெண்டு மழ போயிடுச்சி. யாருப்பா பாக்கறது?”

“அது என் பொறுப்புல வராது, பெரியப்பா.”

“பொறுப்பு யாருதுன்னு நான் கேக்கல. யாரப் போயிக் கேக்கறதுன்னு கேட்டேன்.”

இளைஞர் சிரித்துக்கொண்டே டீயை வாங்கினார். பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு இலக்கணம் தெரியாது, லத்தீனும் தெரியாது. ஆனால் சுமப்பவர் வேறு, பதில் சொல்பவர் வேறு என்பது தெரிந்திருந்தது. சுமப்பவர் யார் என்று தீர்மானிப்பதற்குள் இன்னொரு மழைகூடப் போய்விடலாம். ‘நான் யாரைக் கேட்கலாம்?’ என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டால், அன்றைக்கே அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தமிழில் பதில் சொல்லும் கடமைக்கு ஒரு சொல் இல்லாமலும் இல்லை. நம் தாத்தாக்கள் தாராளமாக வழங்கிய சொல் ‘ஜவாப்தாரி’. அரபியிலிருந்து வந்த ‘ஜவாப்’, பாரசீகத்திலிருந்து வந்த ‘தார்’. பதிலைக் கையில் வைத்திருப்பவன் என்று பொருள். ‘இதற்கு யார் ஜவாப்தாரி?’ என்று அந்தக் காலத்து மேடைகளிலும் பத்திரிகைகளிலும் முழங்குவார்கள். வடமொழி வழியே வந்த ‘உத்தரவாதம்’ என்ற சொல்லும் பதிலைத்தான் குறித்தது. உத்தரம் என்றால் விடை. இன்று ஜவாப்தாரி முதியவர்களின் பேச்சில் மட்டும் மிச்சமிருக்கிறது. உத்தரவாதமோ மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் கடைக்காரர் கொடுக்கும் சீட்டாகிவிட்டது! இரண்டும் காலி செய்த இடத்தில் பழைய தமிழ்ச் சொல்லான ‘பொறுப்பு’ குடியேறிவிட்டது.

துருக்கியிலும் இதைப் போல ஒரு சொல் மாற்றம் நடந்திருக்கிறது. அங்கே கமால் அத்தாதுர்க் 1928-இல் எழுத்தை மாற்றினார். 1932-இல் மொழிக் கழகம் ஒன்றை நிறுவி, அரபு பாரசீகச் சொற்களை விலக்கித் துருக்கிச் சொற்களைப் புகுத்தும் வேலையைத் தொடங்கினார். இங்கே 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதை நினைத்துக்கொண்டால் அந்த வேகம் நமக்கு விளங்கும். ரெஸ்பான்ஸிபிள் என்பதற்குத் துருக்கியர் வழங்கிவந்த சொல் ‘மெசூல்’. அது அரபுச் சொல். ‘கேட்கப்பட்டவன்’ என்பது அதன் பொருள். புதிதாக வந்த துருக்கிச் சொல் ‘சொரும்லு’. அந்த மொழியில் ‘சொர்’ என்றால் ‘கேள்’. ‘சொரு’ என்றால் கேள்வி. அந்நியச் சொல்லைக் கழற்றிய துருக்கியர், அதற்குள்ளிருந்த கருத்தைத் தவறவிடவில்லை. ஆங்கிலேயன் பதிலிலிருந்து தொடங்குகிறான். அவர்கள் அதற்கும் ஒரு படி முன்னே போய்க் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். நாமும் அந்நியச் சொல்லைக் கழற்றினோம். ஆனால் நம் கைக்கு வந்தது வேறு கருத்துள்ள சொல்.

சொல் போனதால்தான் குணம் போயிற்று என்று நான் வாதாட வரவில்லை. துருக்கியில் எல்லோரும் கேட்டவுடன் பதில் சொல்லிவிடுகிறார்கள் என்றும் யாரும் நம்பவேண்டாம். அகராதியைப் பார்த்து ஒழுக்கம் வளர்வதில்லை. ஆனால் ஒரு சொல் நமக்கு எதைச் சுலபமாக்குகிறது, எதை மறைத்துக் கொடுக்கிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு.

ஆங்கிலத்தில் ஒருவன் ஒரு காரியத்துக்காக, ஒருவரிடம் ரெஸ்பான்ஸிபிள். ‘ஃபார்’ என்று ஒன்று, ‘டு’ என்று ஒன்று, இரண்டு வாசல்கள். தமிழிலோ ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு ஒன்றே இரண்டு வாசலுக்கும் காவல் நிற்கிறது. ‘ஏரிக்கு நான் பொறுப்பு’ என்றால் ஏரியைக் காப்பது என் வேலை என்று பொருள். ‘ஊருக்கு நான் பொறுப்பு’ என்றால்? ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்றா நம் காதில் விழுகிறது? இல்லை. ஊர் என் கையில் இருக்கிறது என்றுதான் விழுகிறது. பணியாளனாக உள்ளே வந்தவன், ஓர் உருபைக் கடப்பதற்குள் எஜமானனாகிவிடுகிறான்!

பத்திரிகைகளில் ‘பொறுப்பேற்றார்’ என்று படிக்கிறோம். பெரும்பாலும் மாலையும் சால்வையும் உள்ள படத்துக்குக் கீழேதான் அந்தச் சொல் இருக்கும். விபத்து நடந்த மறுநாளும் அதே சொல்லுக்கு வேலை உண்டு. ஆனால் அன்று அது அபூர்வமாகத்தான் அச்சேறுகிறது.

அப்படி அச்சேறிய ஒரு நாள் நம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அதிகாலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்து, நேருவால் தடுக்கப்பட்டவர் அவர். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொள்ளும்போது, விபத்துக்குச் சாஸ்திரி எவ்விதத்திலும் காரணமல்ல என்றும், அரசியல் முறைமைக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே அதை ஏற்பதாகவும் விளக்கினார். ஓர் ஆங்கிலச் சொல்லின் இரண்டு அர்த்தங்களை அவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டிய சம்பவம் வேறொன்றை நான் அறியேன். பாலத்தை அரித்தது வெள்ளம். காரணம் என்ற பொருளில் சாஸ்திரி அதில் இல்லை. ஆனால் நாடு கேட்கும்போது எழுந்து நிற்கவேண்டியவர் யார் என்ற பொருளில் அவரே இருந்தார். ‘தவறு என்னுடையதா?’ என்று அவர் தராசு பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ‘கேட்டால் பதில் சொல்லவேண்டியவன் நான்’ என்ற அளவில் நின்றார்.

இது மந்திரிகளோடு முடிகிற விஷயமாயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. நம் வீடுகளுக்குள்ளே வாருங்கள். தகப்பனார் காலமானதும் குடும்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்ட மூத்த அண்ணனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தம்பிகளைப் படிக்க வைத்தார். தங்கைக்குக் கல்யாணம் செய்தார். தன் ஆசைகளைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்தார். ‘பொறுப்பு’ என்ற சொல்லின் முழு அழகும் அந்த மனிதரிடம் உண்டு. யாரும் கேட்காமல் சுமந்தார். ரெஸ்பான்ஸிபிள் என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த ஈரம் இல்லை. ஒரு தாயின் காரியத்துக்கு அதை வைத்துப் பாருங்கள். கச்சேரி வாசனை வீசும். நம் சொல் அந்த இடத்தில் எவ்வளவோ உயர்ந்தது.

ஆனால் பத்து வருஷம் கழித்து அதே வீட்டில், ஒருநாள் தங்கை கேட்கிறாள்: “அண்ணா, அம்மாவோட நகை என்னாச்சு? இப்ப எங்க இருக்கு?” அண்ணன் நகையை விழுங்கிவிடவில்லை. அவள் கல்யாணத்துக்கேகூட அது அடகுக்குப் போயிருக்கலாம். அதைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவரோ சொல்வதில்லை. “இத்தனையும் சுமந்தவன் நான். என்னையா கணக்குக் கேட்கிறாய்?” என்கிறார். தங்கை அழுதுகொண்டே ஊருக்குப் போகிறாள். அதன்பின் இரண்டு வீட்டு விசேஷங்களிலும் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.

இங்கேதான் நம் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து வெளியே வருகிறது. சுமந்ததையே கேள்விக்குத் தடையாக அண்ணன் வைத்துவிட்டார். எவ்வளவு அதிகம் சுமந்தாரோ அவ்வளவுக்குக் கேட்கக்கூடாதவர் ஆகிவிட்டார். கேள்வி நன்றிகெட்டதனமாகவும் பதில் அவமானமாகவும் ஆகிவிட்டன. தியாகம் உண்மையானதுதான், அதனால்தான் வாதம் இவ்வளவு வலுவாக நிற்கிறது. சுமந்தவன் பொய்யனாயிருந்தால் கேட்பது எளிது. நல்லவனைக் கேட்பதுதான் கடினம். நாட்டிலும் இதே கதைதான். தாங்கள் பட்ட சிறைவாசத்தையும் பசியையும் கவசமாகப் போட்டுக்கொண்ட தலைவர்களைப் பல தேசங்கள் பார்த்திருக்கின்றன.

கேள்வியை அவமானமாக்காமல் கேட்க ஒரு வழி உண்டா? ராஜகுளத்து ஜனங்களுக்குப் பழகிய உத்திரமேரூரிலேயே அது கல்லில் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதல் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த சபை விதிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஓராண்டுக்கு வாரியங்களை அமைத்தார்கள். ஏரியைப் பார்க்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. குடவோலை என்ற அளவில் இதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். நான் நின்று படித்த விதி வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன் என்று உறவு முறைகளையும் வரிசையாக எழுதி விலக்கிவிட்டார்கள்.

கணக்குக் காட்டாதவன் திருடன் என்று அந்தக் கல் சொல்லவில்லை. திருட்டுக்கும் பாதகங்களுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. கணக்குக் காட்டாமையே ஒரு குறை, அவ்வளவுதான். எல்லோரிடமும் கணக்குக் கேட்கப்படும் ஊரில் யாரைக் கேட்டாலும் அவமானம் இல்லை. சந்தேகம் வந்தபிறகு கேட்டால்தான் கேள்வி சுடுகிறது. முறையாகக் கேட்டால் அது ஒரு வழக்கம், விளக்கேற்றுவது போல.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலத்தைக் கைகூப்பித் தொழுதுவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். குடத்துக்குள் போக, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்கவேண்டும். வேதக் கல்வி வேண்டும். ஏரியில் இறங்கி வண்டலைக் கூடையில் அள்ளிச் சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. சுமந்தவர்கள் ஒரு புறம், கணக்குக் கேட்டவர்கள் ஒரு புறம். பெண்களோ இரு புறத்துக்கும் வெளியே.

இன்று அந்தக் குறை சட்டத்தில் நீங்கிவிட்டது. கிராம சபையில் ஊரின் வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். குடியரசு நாளிலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் அது கூடுகிறது. வரவு செலவு அங்கே வைக்கப்படவேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட கேள்விக்கு முப்பது நாளில் விடை தரவேண்டும் என்கிறது. கேட்கும் இடம் இருக்கிறது. கேட்கும் உரிமை இருக்கிறது. கேட்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. மேடையில் இருப்பவர் நல்லவரென்றால் ‘அவரைப் போய் எப்படிக் கேட்பது?’ என்கிறோம். கெட்டவரென்றால் ‘அவரைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?’ என்கிறோம். இரண்டு வழியிலும் நாம் தப்பித்துக்கொள்கிறோம்.

‘பொறுப்பு’ என்ற சொல்லை மாற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜவாப்தாரியை மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்கவும் வேண்டாம். சுமப்பதைச் சொல்லும் அந்தச் சொல் நம் தாய்மார்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது, இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் ‘எதற்கு?’ என்பதோடு நிறுத்தாமல் ‘யாரிடம்?’ என்றும் ஒரு சொல் சேர்த்துக் கேட்கலாம். சுமக்கிறவனை நாம் மதிக்கும் முறை, அவன் முன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதல்ல. அவனால் பதில் சொல்ல முடியும் என்று நம்பிக் கேட்பதுதான். அண்ணனும் அதை அவமானமென்று எண்ணாமல் பெட்டியைத் திறந்து, ‘இதோ பார் அம்மா, கணக்கு’ என்று எடுத்துக் கொடுப்பாரானால், அவர் இத்தனை நாள் சுமந்த பாரத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிடும்.