நீலக் குதிரைக்கு எத்தனை மார்க்?

எரிக் கார்ல் என்ற பெயர் தெரியாவிட்டாலும், அவருடைய புழுவை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். 1969-ல் வந்த ‘தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்’. திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும் பச்சைப் புழு. அது தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை! குழந்தைகள் விரலை விட்டுப் பார்ப்பார்கள்.

அமெரிக்கா, இங்கிலாந்து டீச்சர்களுக்கு இந்தப் புத்தகம் ஓர் அட்சய பாத்திரம். கிழமைகள், எண்கள், பழங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான். முட்டை அட்டையை வெட்டிப் பச்சை பெயின்ட் அடித்தால் கைவேலை வகுப்பும் முடிந்தது. தப்பே இல்லை. கதை கேட்ட குழந்தையின் கை எதையாவது செய்யத்தான் துடிக்கும்.

ஆனால், டீச்சரே வட்டம் வெட்டிக் கொடுத்து, ஒட்டும் இடத்தையும் காட்டிவிட்டால்? அந்தச் சுவரைக் கற்பனை செய்துபாருங்கள். முப்பது புழுக்கள், முப்பதும் அச்சு அசல் ஒன்றுபோல. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் குழந்தை செய்தது என்ன? கோந்து தடவியது!

கார்லுக்குக் கிடைத்த ஆசிரியர் வேறு ரகம். 1929-ல் அமெரிக்காவில் பிறந்த கார்ல், ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனிக்குப் போனார். ஹிட்லர் காலம். எது ஓவியம் என்பதைக்கூட அரசாங்கம்தான் சொல்லும். பால் க்ளே, காண்டின்ஸ்கி, நீலக் குதிரைகளை வரைந்த ஃப்ரான்ஸ் மார்க் இவர்களுடையதெல்லாம் ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தியாயிற்று. ஃப்ரிட்ஸ் க்ரவுஸ் என்ற ஓவிய ஆசிரியர் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு, தடை செய்யப்பட்ட படங்களின் பிரதிகளை ரகசியமாகக் காட்டினார். வெளியே தெரிந்தால் வேலை மட்டுமா போயிருக்கும்? பையனுக்கோ முதலில் அதிர்ச்சிதான். ஆனாலும் மறக்கவில்லை. 2011-ல், 82 வயதில், நீலக் குதிரை வரைந்த ஓவியனைப் பற்றி ஒரு படப் புத்தகம் போட்டார். அதில் முதலை சிவப்பு, பசு மஞ்சள். 2021-ல் காலமானார்.

‘முதலில் சரியா செய்யக் கத்துக்கட்டும் சார், சுதந்திரம் அப்புறம்’ என்பீர்கள். நியாயம்தான், கணக்கில். ஐந்து ஆரஞ்சை ஆறு என்று எண்ணினால் திருத்தத்தான் வேண்டும். பட்டாம்பூச்சிப் புழு, கதையில் வருவதுபோல அந்துப்பூச்சி மாதிரி நூல் சுற்றிக் கூடு கட்டாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கார்லையே திருத்தலாம்! ஆனால் ஊதாத் தலை ஒட்டிய குழந்தையிடம் எதைத் திருத்துவீர்கள்? அங்கே தப்பு எது? நாம் காட்டிய மாதிரியிலிருந்து விலகியது ஒன்றுதானே?

கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் தானே வண்ணம் தீட்டி, காயவைத்து, வெட்டி ஒட்டித்தான் படம் செய்வார். வகுப்பில் அதைச் செய்யலாமே. தாளையும் பெயின்டையும் கொடுங்கள். தரை கொஞ்சம் பாழாகும், பரவாயில்லை. மாதிரிப் புழுவை மட்டும் அன்றைக்கு பீரோவுக்குள் வைத்துவிடுங்கள்.