பரீட்சையும் கையெழுத்தும்

1893-இல் சென்னையில் நம்மாட்கள் ஒரு மனு எழுதினார்கள். நீளம் 112 அடி. கையெழுத்திட்டவர்கள் 3,412 பேர். முன்னின்றவர் இரட்டைமலை சீனிவாசன், நம்ம செங்கல்பட்டு ஜில்லாக்காரர். ஐ.சி.எஸ். பரீட்சையை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நடத்தக்கூடாது என்பதுதான் மனு. லண்டன் பார்லிமெண்டுக்குப் போனது.

இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள், வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்கள் என்று. கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். கிணத்துல தண்ணி எடுக்க விடாதவன் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிக் கலெக்டராக வந்து உட்கார்ந்தால் கிணறு திறந்துவிடுமா? பரீட்சை ஒருத்தனுடைய ஞாபக சக்தியை அளக்கும், அவன் இங்கிலீசை அளக்கும். நியாயத்தை அளக்க அதனிடம் படி கிடையாது. தகுதி, திறமை என்று இன்றைக்கு நம்மிடம் வாயாடுகிறவர்களுக்கு அப்பவே பதில் எழுதிவிட்டார்கள்.

1922-இலிருந்து அந்தப் பரீட்சை இங்கேயும் நடந்தது. பிறகு அம்பேத்கர், அரசியல் சட்டம், இடஒதுக்கீடு. இப்போது நாம் பரீட்சையை எதிர்க்கும் இடத்தில் இல்லை, எழுதும் இடத்தில் இருக்கிறோம்.

மாங்காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தமிழ் நடத்துகிறேன். எம்.ஏ. தமிழுக்கு வேறு உபயோகம் இருக்கோ இல்லையோ, குரூப் 4-இல் தமிழில் மட்டும் 100 கேள்வி. வருகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். நைட் ஷிப்ட் முடிஞ்சு வேன்லேர்ந்து எறங்கி நேரா வந்து உட்காரும் பையன்களும் உண்டு. குரூப் 4 மேல் இவர்களுக்கு ஒரு தனிப் பிரியம். அதில் நேர்முகம் இல்லை. 'அப்பா இன்னா பண்றாரு, எந்தத் தெரு' என்று கேட்க எதிரில் ஆள் கிடையாது. 2022 அறிவிப்பில் 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். தோற்றவர்களைச் சோம்பேறி என்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

பக்கத்து ஊர்க் காலனியின் சுடுகாட்டுப் பாதையில் வேலி போட்டபோது மனு எழுதினோம், மறியல் செய்தோம். வகுப்புக்கு வரும் ஒரு பெண் சொன்னாள்: "அண்ணா, நானும் கூட வரேன். பேரு மட்டும் எழுதாதீங்க. கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா வெரிபிகேஷன்ல மாட்டிப்பேன்." தோழர்கள் கொதித்துப் போனார்கள். இப்பவே இப்டின்னா, சீட்ல உக்காந்தப்புறம் நம்மளத் திரும்பியா பாக்கப் போவுது? 1956-இல் ஆக்ராவில் அம்பேத்கர், படித்தவர்களை நினைத்து வேதனைப்பட்டதையும் எடுத்துப் போட்டார்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அம்பேத்கரின் வேதனை படித்து, பதவியும் பெற்று, மறந்தவர்களைப் பற்றியது. இன்னும் எதையுமே பெறாதவளிடம் போய்க் கடனைக் கட்டு என்பது என்ன நியாயம்? அவள் கல்யாணத்தை மூணு வருஷமாகத் தள்ளிப்போட்டுப் படிக்கிறாள். அதற்கு வீட்டில் எத்தனை சண்டை! ஊர்த்தெருவிலிருந்து பரீட்சை எழுதுகிறவனைப் பார்த்து, நீ யாருக்குக் கடன்பட்டவன் என்று எவனாவது கேட்டிருக்கிறானா? அவள் பேரை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மறியலில் கைதானவர்களில் பத்தாவது தாண்டினவர் ஒருத்தரும் இல்லை. அத்தனை பேரும் கூலிக்குப் போகிறவர்கள். படிக்காதவன் மேல கேஸு, படிச்சவனுக்கு வேலை. இந்தப் பங்கீட்டை நாம் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, அதுவாக நடந்துகொண்டிருக்கிறது. அவளை விட்டுவிடலாம், இதை விட முடியாது.

நாற்காலி கிடைத்த அன்றைக்குத்தான் கடன் ஆரம்பிக்கிறது. எப்படிப்பட்ட கடன்? சொந்தக்காரனுக்குச் சலுகை செய்வதல்ல. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மாட்களுக்கே விற்கலாம். அவ்வளவு கறாரான ஆணை இருந்தும் நிலம் போனது. தடியால் போனதைவிடக் காகிதத்தால் போனது அதிகம் என்பது என் எண்ணம். கணக்கு, பரம்பரைக் கர்ணத்தின் கையில் இருந்ததே! 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்தார்கள். அந்தக் கணக்கு இன்று கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அவர் வருவதும் இதே குரூப் 4 எழுதித்தான். காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்திய ஆணையில் எழுதியிருந்ததற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியில் இருக்கிறவர் உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். நம்ம ஊர்ல அதுக்கே தனித் தைரியம் வேணும், மாற்றல் உத்தரவைப் பையிலேயே வெச்சிருக்கணும்.

இப்போதெல்லாம் இலக்கணம் முடிந்ததும் பழைய அடங்கல் நகல் ஒன்றை மேசையில் போட்டு, எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, பேர் எங்கே மாறியிருக்கிறது என்று படிக்கச் சொல்கிறேன். "இது சிலபஸ்ல இல்லையே சார்" என்றான் ஒரு பையன். இல்லைதான். அந்தப் பெண் சர்வே நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.