நடை சாத்திய நாளில் நடந்த பூசை



2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கொரோனா நோயினால் ஆலயக் கதவுகள் அடைபட்டன. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமாயிருந்தும் நல்லதண்ணிப் பாதை வெறிச்சோடியது. பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே கழிந்தன.

ஆயினும் கொழுந்து வளர்வது நிற்கவில்லை. தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தபடியால் தாய்மார் கூடை சுமந்து மலையேறினர். கொழும்புக் கடைகளில் வேலைசெய்த பிள்ளைகளோ சம்பளமின்றி முடங்கினர். "அம்மனும் கண்ணை மூடிக்கொண்டாளோ?" எனப் பலர் மனம் கலங்கினர்.

மௌசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா மூழ்கியபோது கோயில்களும் மூழ்கின. நீர் வற்றும் காலங்களில் அவை இன்றும் தலைகாட்டும். கட்டடம் மறைந்தது, பக்தி மறையவில்லை.

இறைவனுக்கு இடுவது எளியவரைச் சேராது. எளியவருக்கு இடுவதோ இறைவனையும் சேரும் என்பது திருமூலர் கருத்து. இருந்த அரைக்கொத்து அரிசியில் பக்கத்துக் காம்பராவுக்கும் பங்கு வைத்தவர்களே அன்று மெய்யான பூசை செய்தவர்கள்.

இன்று நடை திறந்திருக்கிறது. கோயில் கதவு திறந்ததும் கொடுத்த கை மூடிவிடலாகாது. அடுத்த காம்பராவில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அருச்சனைத் தட்டை எடுப்போமாக.

எல்லாம் வல்ல அம்பாள் துணை.