ஜனகர் கேட்ட கேள்வி

மகாபாரதத்து வனபர்வத்திலே அஷ்டாவக்கிரர் என்னும் சிறுவரின் வரலாறு வருகின்றது. தாயின் வயிற்றில் இருந்தபடியே, தந்தை கஹோடர் ஓதிய வேதத்திற் பிழை கண்டு சொன்னார். சினந்த தந்தையின் சாபத்தால் எட்டுக் கோணல்களோடு பிறந்தார். அறிவுக்குக் கிடைத்த முதற் பரிசு அது!

வந்தி என்பவனிடம் வாதத்திலே தோற்றுத் தந்தை நீரில் அமிழ்த்தப்பட்டதை அவர் அறிந்தது பன்னிரண்டாம் வயதில். உடனே ஜனக மன்னரின் வேள்விச்சாலைக்குப் புறப்பட்டார். சிறுவருக்கு இங்கே இடமில்லை என்று வாயிற்காவலன் மறித்தான். அவருடைய கோணல் உடலைக் கண்டு சபையோர் நகைத்தனர் என்றும் கதாப்பிரசங்கிகள் சொல்வதுண்டு.

ஜனகர் நகைக்கவில்லை, பாவம் பார்த்து இலகுவான கேள்வி கேட்கவுமில்லை. முப்பது பிரிவும், பன்னிரண்டு பகுதியும், இருபத்துநான்கு கணுவும், 360 ஆரக்காலும் உடையது எது என்று வினவினார். அது ஆண்டு என்னும் காலச்சக்கரம் என்பதைச் சிறுவர் விளக்கினார். பின்னர் வந்தியோடு ஒன்று, இரண்டு என எண்களை அடுக்கிச் சொல்லும் வாதம் நடந்தது. பதின்மூன்றிலே வந்தி பாதியில் நின்றுவிட, மீதியை முடித்தவர் அஷ்டாவக்கிரரே. தந்தையும் மீண்டு வந்தார்.

ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நெருங்கி வாழும் கொழும்பிலே, கொட்டாஞ்சேனையாயினும் வெள்ளவத்தையாயினும், இடம் போதாமல் பாடசாலைகள் மாடிகளாகவே உயர்கின்றன. ஊன்றுகோலோடு வரும் பிள்ளைக்கு மேல்மாடி வகுப்பு எட்டாது. அதைவிடக் கொடியது, அன்பினாலேயே நேர்வது. "பாவம், பிள்ளையை ஏன் கஷ்டப்படுத்துவான்?" என்று ஆசிரியர் கேள்வி கேளாமல் விடுவார், புலமைப்பரிசில் பரீட்சை வேண்டாமென்று உறவினர் சொல்வர். கணக்கை மனத்துக்குள் முடித்துவிட்ட பிள்ளை, எவரும் கேளாதபடியால் பேசாமலிருக்கும். பிள்ளைக்கு விளங்கவில்லையென்று ரிப்போர்ட்டில் எழுதப்படும்.

உடற்குறையைக் காட்டிப் பாடசாலை அனுமதியிலே பாரபட்சம் செய்யலாகாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு இறக்குவது அதிபரின் கையிலேயே உள்ளது. கடினமான கணக்கை அந்தப் பிள்ளையிடமும் கேட்பது ஆசிரியரின் கையில். அறநெறி வகுப்புக்களுக்கும் இது பொருந்தும். பேச்சுப் போட்டிக்கு மேடையேற்றாமல் பிரசாதம் மட்டும் கொடுத்தனுப்பும் வழக்கம் அங்கும் உண்டு.

பின்னர் சமங்கை நதியில் நீராடியபோது அஷ்டாவக்கிரரின் அங்கங்கள் நேராயின என்று பாரதம் சொல்லும். அது வாதத்திலே வென்று திரும்பிய பின்பு. ஜனகரின் சபையிலே அவர் விடை சொல்லி நின்றது எட்டுக் கோணலோடுதான்.